அருவியடியில் ஒரு சிவப்புச் சால்வை

அருவிக்கே பூட்டுப் போட்ட ஆள் என்று காட்ஸ்கில் மலையில் யோஸ்டைக் கேலி செய்வார்கள். பொய்யில்லை. கோடையில் ஓடை இளைத்துவிடும். மேலே பலகை அணையில் தண்ணீரைத் தேக்கி, ஆட்கள் வந்தால் காசு வாங்கிக்கொண்டு மதகைத் தூக்கிவிடுவதுதான் இருபது வருடமாக அவர் பிழைப்பு. முன்பெல்லாம் நாலு பேர் வருவார்கள். பெரிய ஓவியர் ஒருவர் இந்த மலையை வரைந்து பேர் வாங்கிச் செத்தாலும் செத்தார், அவர் வழியில் வரைகிறோம் என்று நியூயார்க்கிலிருந்து குடையும் பெட்டியுமாக ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது.

அப்படி வந்தவர்தான் ஃபென்விக். அருவியின் உயரம் தெரிய அடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார். யோஸ்டின் ஒரே மகள் லேனா, பதினேழு வயது, சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பாறையில் ஏறினாள்.

"அப்பா, தண்ணி ஐஸா இருக்கு! சீக்கிரம் வரையச் சொல்லுங்க, இல்லேன்னா மீனாப் போயிருவேன்!"

"வாயாடி, அசையாம நில்லு. உன் மூஞ்சி படத்துல வரப்போகுது."

மூன்று நாள் அவரே மதகைத் தூக்கினார். மூன்று நாளும் அவள் சாரலில் நனைந்தாள். ஃபென்விக் ஊர் திரும்பிய மறுநாள் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, இலை உதிருமுன் போய்விட்டாள். பாவி அப்பன், தன் கையாலேயே மதகைத் தூக்கி!

அந்தப் படத்தைத் தவிர அவள் முகம் வேறெங்கும் இல்லை. அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று, ஆற்றில் பனி உருகியதும் படகேறி நியூயார்க் போனார். கண்காட்சியில் அந்தப் படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அருவி அப்படியே இருந்தது. பாறையில் இறகு செருகிய செவ்விந்தியன் ஒருவன், கட்டைவிரல் உயரத்துக்கு.

படத்தின் பக்கத்திலேயே ஃபென்விக் நின்றிருந்தார். "எம் பொண்ணு எங்கய்யா?"

"பொண்ணு நின்னா காடு காடாத் தெரியல, யோஸ்ட். பெரியவர் வழியில வரையிறவங்க நாங்க. ஊர் வாடையே அடிக்கக் கூடாது. அதான் மேல பூசிட்டேன்." அவள் செத்தது ஃபென்விக்குக்குத் தெரியாது. "அந்தச் சிவப்பு மட்டும் அருமையா இருந்துச்சு, விட்டுவெச்சிருக்கேன் பாருங்க. ஆமா, லேனா எப்படி இருக்கா?"

யோஸ்ட் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். செவ்விந்தியன் தோளில் கிடந்த சால்வையைக் கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜூன் மாதம் ஃபென்விக் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

"யோஸ்ட், தண்ணிய விடுங்க!"

"இந்த வருஷம் தண்ணி இல்லீங்க."

அணையில் தண்ணீர் விளிம்புவரை நின்றது.