வண்டிக்கு அடியில் போகாத கில்பர்ட்

ஆயில் மாற்றுகிற நாளில் கில்பர்ட் கார் எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு போதவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவார். இன்னும் கொஞ்சம் ஓடட்டும். "ஆறிப்போன ஆயிலு மேல ஏறி வராதுபா. கொழுப்பு கட்டுன கறிக்கொழம்பு மாதிரி அடியில குந்திக்கினு அடம் புடிக்கும்." சூடு கைக்குத் திருப்தியானதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டுவார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "பம்பு எங்க?" என்று குரல் கொடுப்பார். பம்ப் வைத்த இடத்தில்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மனைவி வந்து எடுத்துக் கொடுத்தால்தான் அன்றைய வேலை ஓடும்.

வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற சாலையில், கோயில் தெரு முனையில் சாம்பல் நிற அம்பாசிடர் நின்றால் அது கில்பர்ட் வீடு. வாடகைக்கு ஓடுகிற கார். பிரெஞ்சுக்காரர் காலத்தில், பத்திரம் பதிகிற நொத்தேர் ஒருவருக்கு டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பழக்கங்கள் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சவாரிக்குப் போகும்போது இஸ்திரி போட்ட சட்டைதான். ஹாரனைத் தொடமாட்டார். முன்னால் மாட்டுவண்டி போனால், அது தானாக ஒதுங்குகிற வரைக்கும் பின்னாலேயே போவார். உள்ளே இருக்கிறவர் பொறுமை இழந்து முணுமுணுத்தால், "அவனும் எங்கனா போவத்தானங்க போறான்" என்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு வாழைப்பழம் வைத்தால் நசுங்கிவிடும்.

மற்ற டிரைவர்கள் ஆயில் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கு அடியில் புகுந்து ஒரு நட்டைக் கழற்றுவார்கள். பழைய ஆயில் கொட்டி முடிவதற்குள் ஒரு பீடி குடித்துவிடுவார்கள். கில்பர்ட்டின் வழி வேறு. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விடுவார். குழாயின் மறுமுனை ஒரு பித்தளைக் கைப்பம்பில். இழுக்க இழுக்க, கறுப்பு ஆயில் குழாயில் நெளிந்து ஏறி டின்னில் விழும். காலையில் ஆரம்பித்தால் வெயில் உச்சிக்கு வந்துவிடும். கடலூர்த் துறைமுகத்தில் படகு மெக்கானிக் ஒருவரிடம் வாங்கிய பம்ப் அது. படகு எஞ்சினுக்கு இப்படித்தான் மேலேயிருந்து ஆயிலை உறிஞ்சி எடுக்க முடியும். "படகுக்கு அடியில போயி எவன் படுப்பான்? மீனுதான் படுக்கும்" என்று விளக்கம் சொல்வார்.

தெருவில் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். "இன்னா கில்பர்ட்டு, காருக்கு ரத்தம் எடுக்கறியா?"

"ஆமாபா. உனுக்கும் எடுக்கணும்னா வந்து குந்து. குழா சூடாத்தான் இருக்குது."

டின் நிறைவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு பாட்டிலோடு வந்து நின்றுவிடுவார். மாட்டுவண்டி வைத்திருப்பவர். பழைய ஆயில் வண்டி அச்சுக்குப் போக மிச்சம் கிணற்று ராட்டினத்துக்கும், கரையான் ஏறாமல் வேலிக்காலுக்கும் போகும். கில்பர்ட் இரண்டு விரலில் ஆயிலைத் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "நல்லா உழைச்ச ஆயிலுடா, பாத்துத் தடவு" என்று சொல்லித்தான் ஊற்றிக் கொடுப்பார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், "சத்தியம் பண்ணிட்டேன்பா" என்று வானத்தைப் பார்ப்பார். வானத்துக்கும் அவருக்கும் நடுவில் நிற்பவர் மனைவி செலின் மேரி.

சில வருஷங்களுக்கு முன்பு, மழை விட்ட மறுநாள், முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஈர மண்ணில் ஜாக்கி சரிந்து கார் இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரம் தற்செயலாகப் பக்கத்தில் கிடந்ததால், அதன் மேல் உட்கார்ந்து நின்றது. நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம். கில்பர்ட் நெளிந்து வெளியே வந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "காபி ஆறிடுச்சா?" என்று கேட்டார். காபி கொண்டுவந்து நின்ற செலின் மேரிக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை வில்லியனூர் மாதா கோயிலுக்கு இழுத்துப் போய், மெழுகுவத்தியைக் கையில் கொடுத்து, "இனிமே வண்டிக்கு அடியில தலைய வுட மாட்டேன்னு சொல்லுங்க" என்றார். கில்பர்ட் சொன்னார். சொன்ன வார்த்தையை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் வெளியே வந்து நண்பர்களிடம் மட்டும், "படுத்துக் கெடந்தவன் நானு. நின்னுகினு பாத்தவளுக்கு இன்னாய்யா வந்துச்சி?" என்று சிரிப்பார்.

அவருக்கு ஒரு குறை உண்டு. என்னதான் இழுத்தாலும் அடியில் தங்கின கசடு பம்புக்கு வராது. கொஞ்சம் நின்றுவிடும். "தலைக்கு எண்ண தேச்சி முழுவச் சொன்னா, மூஞ்சிய மட்டும் கழுவிக்கினு வர்ற மாதிரி இருக்குதுபா" என்று புலம்புவார். அந்தக் கடைசிக் கசடுதான் போன தை மாதம் அவரைக் கவிழ்த்துவிட்டது.

விடிந்தால் லூசிக்குக் கல்யாணம். லூசி அவருடைய ஞானமகள். ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்றவர் கில்பர்ட். "மாமா கார்லதான் கோயிலுக்குப் போவேன்" என்று அவள் சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள். காரைக் கழுவியாயிற்று. பானெட்டில் கட்டச் செவந்திச் சரமும் சொல்லியாயிற்று. வண்டியின் வயிறும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பம்பை எடுத்தார். பழைய குழாய் விறைத்துவிட்டதால் பூச்சிமருந்துக் கடையிலிருந்து, தெளிப்பானுக்குப் போடுகிற புதுக் குழாய் வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் வந்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. பெண்ணுக்கு ஓடப்போகிற வண்டி ஆயிற்றே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குழாயைத் திருகித் திருகி ஆழத்தில் விட்டார். சூட்டில் இளகியிருந்த புதுக் குழாய் எங்கோ மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். குழாய் குட்டையாக வந்தது. விரல் நீளத் துண்டு உள்ளேயே நின்றுவிட்டது.

அந்தத் துண்டு போய் உள்ளே ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. பெண்ணை வைத்துக்கொண்டு போகும்போதே இறுகி நின்றுவிடும். கீழே இருக்கிற நட்டைக் கழற்றித்தான் துண்டை எடுக்கவேண்டும். வில்லியனூர் மெக்கானிக் பலராமன் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமியார் ஊருக்குப் போயிருந்தார். சாமிக்கண்ணு குனிந்து காரின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மாட்டுக்கு அடியில படுக்கச் சொல்லு, படுக்கறேன். இதுக்கு நம்மளால ஆவாதுபா."

கில்பர்ட் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்து போகவில்லை. காருக்கு முன்னால் ஒருமுறை முட்டி போட்டு, தரையோடு தரையாக முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க?" வாசற்படியில் செலின் மேரி.

"ஒண்ணும் இல்ல. எறும்பு போவுது."

செலின் மேரி உள்ளே போய், ஒரு சாக்கையும் பழைய பேசினையும் கொண்டுவந்தார். சாக்கைக் காரின் பக்கத்தில் விரித்து, முந்தானையை இடுப்பில் செருகினார்.

"எந்த நட்டுன்னு சொல்லுங்க."

"ஏய், உனுக்கு இன்னா பைத்தியமா?"

"அடியில போவ மாட்டேன்னு சொன்னது நீங்க. நான் யாருக்கும் சொல்லல. லூசி நாளைக்கு நடந்து போவுமா? சொல்லுங்க."

"அப்ப ஜாக்கி..."

"ஜாக்கிப் பேச்ச எடுக்காதீங்க. உங்க வயித்துக்குத்தான் ஜாக்கி வேணும். நான் நுழைஞ்சிடுவேன்."

கில்பர்ட் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். வைத்த கல்லை உதைத்துப் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கை இன்னும் ஒருமுறை இழுத்தார். அதற்குள் செலின் மேரியின் தலை காருக்கு அடியில் போய்விட்டது. மெலிந்த உடம்பு, தோள் போனது, இடுப்பு போனது. வெடித்த குதிகால்கள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. கில்பர்ட் காரின் முன்னால் வந்து நின்றுகொண்டு வழி சொன்னார்.

"ஊறுகா பாட்டில் மூடிய எப்படித் தொறப்ப, அப்படித் திருவு. ஸ்பேனரு வழுக்காம பாத்துக்க."

"அசையல."

"ரொம்ப நாளா தொறக்காத நட்டு. இழுத்துப் புடி."

செலின் மேரி மூச்சைப் பிடித்து இழுத்தார். கார் ஸ்பிரிங்கின் மேல் ஒரு துளி குலுங்கியது.

"வேணாம். வந்துடு."

"கொஞ்சம் இருங்க."

"வந்துடு செலினு. கல்யாணத்துக்கு வேற வண்டி பாத்துக்கலாம். இன்னா சொல்றேன், வந்துடுன்றேன்!" சாலையில் ஹாரன் கூட அடிக்காத மனிதர் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். சாமிக்கண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டிலோடு வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஸ்பேனர் இரும்பில் இடித்தது. அப்புறம் சத்தமே இல்லை. கில்பர்ட்டுக்கு உட்காரவும் பயமாக இருந்தது, ஓடி யாரையாவது கூப்பிடவும் பயமாக இருந்தது.

பிறகு பேசினில் சொட்டுச் சொட்டாக விழுகிற ஓசை. "வந்துடுச்சி" என்றது செலின் மேரியின் குரல். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, வளைத்து, அந்தத் துளைக்குள் விட்டுத் துழாவியிருக்கிறார். வெளியே நீண்ட கையின் நுனியில், கறுப்பாக மண்புழு போலத் தொங்கியது குழாய்த் துண்டு.

குதிகால்கள் அசைந்து, உடம்பு நகர்ந்து, முழு ஆளாக வெளியே வந்து சாக்கின் மேல் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியிலும் காதிலும் ஆயில். பேசினில் கூழ் மாதிரி கசடு, பம்புக்கு வராமல் இத்தனை வருஷம் தங்கிக் கிடந்தது.

"பாருங்க, எவ்ளோ அழுக்கு! இதுக்குத்தானே கண்ட நேரமும் பொலம்புவீங்க?"

கில்பர்ட் பேசின் பக்கம் திரும்பவில்லை.

"இன்னாங்க, நான்தான் வந்துட்டேனே. வுடுங்க" என்றார் செலின் மேரி.

நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நின்ற அந்தக் காரின் பம்பரை, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார் கில்பர்ட்.