வலிக்காத கால்

அந்த ஃபாரத்தில் சர்க்கரை நோய் என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதியது நான்தான். பொன்னியக்கா எழுதச் சொன்னாள், எழுதினேன். எட்டு வருஷமாக மாத்திரை போடுகிறவள் என்று தெரிந்தேதான் எழுதினேன். 'உண்டு' என்று எழுதியிருந்தால் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். எந்த டாக்டரும் அவளுக்குக் கொடுத்திருக்கமாட்டார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் வேலை பார்க்கும் துணிக்கடையில் அவள் புடவை செக்‌ஷன், நான் பில் கவுண்டர். எனக்கு நாற்காலி உண்டு, அவளுக்குக் கிடையாது. ஊழியர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் அதில் புடவைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. கடைக்குள் சாமி படம் இருப்பதால் வேலை செய்கிறவர்கள் யாரும் செருப்புப் போடக்கூடாது. கஸ்டமர் போட்டுக்கொண்டு வரலாம், அவர்கள் வந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது போலிருக்கிறது. அந்த டைல்ஸ் தரையில் பதினாறு வருஷம் வெறுங்காலோடு நின்றவள் பொன்னியக்கா. நாற்பத்தாறு வயசு. முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களைக்கூடச் சிரித்துத்தான் அனுப்புவாள். நானாக இருந்தால் வாசல் வரை போய்த் திட்டிவிட்டு வருவேன்.

அவள் புருஷன் ஆரோக்கியராஜ் லோடு வண்டி ஓட்டினவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உள்ளூர் மெஷின்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் நிறைந்துவிட்டதால் புதுச்சேரியில்தான் இடம் கிடைத்தது. போகும்போது பஸ்ஸில் எப்படியோ போய்விடுவார். திரும்பி வரும்போது துவண்டு போயிருப்பார். ஜூன் மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியிலேயே மயங்கி விழுந்து மண்டையில் ஆறு தையல். அதோடு மனசு விட்டுப்போய், "நான் வரல, என்ன வுட்டுடு" என்று இரண்டு முறை போகாமல் படுத்துக்கொண்டார். இரண்டாவது முறை மூச்சு வாங்கி உதடு நீலமாகி, பொன்னியக்கா தெருவில் நின்று கத்திய கத்தலில், அதே தெருவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஓடினோம். பக்கத்திலேயே மெஷின் கிடைத்தால் அவர் பிழைப்பார், இல்லையென்றால் இப்படி ஒரு நாள் படுத்தவர் படுத்தவர்தான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் நடைப்பயண நோட்டீஸ் வந்தது. ஊரில் ஒரு டிரஸ்ட் புதிதாக ஆறு டயாலிசிஸ் மெஷின் வைக்கப்போகிறதாம். அதற்கு நன்கொடை திரட்ட கடலூரிலிருந்து சிதம்பரம் கீழவீதி வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்கள், அந்த மெஷின்களுக்கான முதல் லிஸ்டில் சேர்க்க ஆளுக்கு ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லலாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! மூச்சுக்குத் தவிக்கிறவன் பெண்டாட்டியைப் பார்த்து, சிதம்பரம் வரை நடந்து காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்பதற்குப் பெயர் தர்மமாம். நான் இப்படிப் பொரிந்து தள்ளினேன். அவள் நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நடக்கத்தான சொல்றாங்க தமிழு? பறக்கவா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

அன்றைக்கே அந்த ஃபாரத்தை எழுதிக் கொடுத்தோம். ஏழு வாரம் பயிற்சி. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி முதுநகர் வரை நடந்து திரும்புவாள். சோறாக்கி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடையில் நிற்பாள். அவளுக்கு லீவு நாளான செவ்வாய்க்கிழமைகளில் சிதம்பரம் ரோட்டில் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு பஸ்ஸில் வருவாள். எல்லாம் வெறுங்காலோடு. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டிப் போகிறவர்கள் அந்த ரோட்டில்தான் செருப்பில்லாமல் நடப்பார்கள். இதையும் அவள் மாதாவுக்கு வேண்டிக்கொண்டு அப்படியே ஆரம்பித்தாள். ஷூ கட்டாயம் என்று டிரஸ்ட்காரர்கள் சொல்லியிருந்ததால் நான் ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

"அன்னிக்கு ஒரு நாளு போட்டுக்கறேன். அதுவரைக்கும் வேண்டுதல்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு ஆலப்பாக்கம் வரை கூடப் போனேன். பாதி வழியிலேயே செருப்புக்குள் எனக்குக் கொப்புளம். வெயில் ஏறியபிறகு தாரில் ஒரு நிமிஷம் கால் வைத்துப் பார்த்து அலறிவிட்டேன். அவள் பாட்டுக்கு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு போனாள்.

"எனக்கு வலிக்கவே இல்ல தமிழு. மொத வாரம் லேசா எரிஞ்சுது, இப்ப அதுவும் இல்ல. மாதாதான் என்ன தூக்கினு போறா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாமி விஷயத்தில் நான் குதர்க்கம் பிடித்தவள். அப்படிப்பட்ட நானே நம்பினேன். மாமா பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தோன்றியது.

நடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கடையில் வெள்ளை டைல்ஸ் மேல் சிவப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தது. ஃப்ளோர் மேனேஜர் சபாபதி சார் கூச்சல் போட்டார். "எந்தப் பொடவடி சாயம் வுடுது? கஸ்டமர் பாத்தா மானம் போயிடும்!" துடைத்தார்கள். கால் மணி நேரத்தில் மறுபடியும் வந்தது. சிவப்புப் புடவைகளை எல்லாம் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். நான்தான் அந்தத் திட்டுகளின் பின்னாலேயே போனேன். அவை பொன்னியக்காவின் இடது காலில் போய் முடிந்தன.

பாதத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. சுற்றிலும் கறுத்துப்போய் வாடை அடித்தது.

"எப்பக்கா குத்துச்சு?"

"தெரியலியே" என்றாள். அவளுக்கே பயம் வந்துவிட்டது.

டாக்டர் அவள் பாதத்தில் ஒரு மெல்லிய கம்பியால் இங்கே இங்கே என்று குத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?" என்று கேட்டாள். சர்க்கரையில் நரம்பு செத்துப்போயிருக்கிறது, இரண்டு விரலை உடனே எடுக்க வேண்டும், இந்தக் காலோடு நடந்தால் முழங்கால் வரை போய்விடும் என்றார்.

பொன்னியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒம்போது நாளுதான டாக்டர்? நடந்துட்டு வந்து படுத்துக்கறேன். அப்பறம் எவ்ளோ வேணும்னாலும் வெட்டிக்குங்க."

டாக்டர் திட்டினார், நானும் திட்டினேன். அவள் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக நான் நடக்கலாமா என்று டிரஸ்ட்டுக்குப் போன் போட்டேன். பதிவு முடிந்துவிட்டதாம், ஆள் மாற்ற முடியாதாம். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் பெயரை எடுத்திருப்பார்கள். சொன்னால் மாமா போய்விடுவார், சொல்லாவிட்டால் அவள் கால் போய்விடும். கோழை மாதிரி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் நின்று, கட்டுப் போட்ட காலை ஷூவுக்குள் திணித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த மாமா மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"அந்த டிரஸ்ட்டு நம்பர போட்டுக் குடு தமிழு."

எதற்கென்று தெரியாமலே போட்டுக் கொடுத்தேன்.

"சார், பொன்னின்னு ஒருத்தவங்க நடக்கறதா பேர் குடுத்திருக்காங்க. நான் அவங்க வூட்டுக்காரன். அவளுக்கு சுகர் ஜாஸ்தி சார், கால்ல புண்ணு வெச்சிருக்கு. பேர அடிச்சிடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஃபாரத்துல இல்லைன்னு எழுதினதா? நான்தான் சார் அப்படி எழுதச் சொன்னேன். என் தப்புதான்."

அவருக்கு அந்த ஃபாரம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. எழுதிய நான் பக்கத்திலேயே நின்றேன்.

பொன்னியக்கா ஒற்றை ஷூவோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். அதற்குள் வைத்துவிட்டிருந்தார்கள். அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"உன்ன யாருய்யா கேட்டது? நீ போயிட்டா இந்தக் கால வச்சினு நான் எங்கய்யா நடந்து போவேன்?"

அவர் அடியை எல்லாம் வாங்கிக்கொண்டார். "நான் போவலடி. ஒரு நாளுகூட வுடாம புதுச்சேரிக்குப் போறேன். தனியாவே போறேன். நீ போயி வெரல எடுத்துக்கோ."

நடை நடந்து முடிந்தது. எத்தனையோ பேர் முடித்து எத்தனையோ பெயர்களைச் சொன்னார்கள். மாமா பெயரைச் சொல்ல யாருமில்லை. அக்காவுக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நிற்க முடிந்த பிறகு வேலைக்கு வா என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மாமா சொன்னபடியே தனியாகப் போய் வருகிறார், இதுவரை ஒரு நாளும் விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்குப் போன் பண்ணுவார்.

போன வெள்ளிக்கிழமை மூன்றரை ஆகியும் போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்க்க வந்திருந்த நான் ஆட்டோ பார்க்கிறேன் என்று சொல்வதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கட்டுக் காலோடு நடந்தாள், என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. அவர் கடைசி பெஞ்சில் சார்ஜ் தீர்ந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். கட்டு ரத்தத்தில் நனைந்திருப்பதைப் பார்த்ததும் "ஏன்டி நடந்து வந்த?" என்று கத்தினார். "நீ ஏன்யா போன் பண்ணல?" என்று அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். ஜனங்கள் வேடிக்கை பார்க்க, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஆட்டோ கூப்பிட ஓடினேன்.