நான் எறிந்த கண்ட்ரோல் பிளேட்

அடையாறில் ஓர் ஆய்வகத்தில் ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக இருந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் அங்கே நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் வேலை பார்த்த இளம் பெண் விஞ்ஞானி ஒருவர் என்னோடு இருந்தார். ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றித் தரவேண்டும். பத்து நாளில் கமிட்டி கூடும். மாற்றம் நடந்தால்தான் அவருக்கு ஒப்பந்தம் நீளும்.

முறை எளிது. வட்டமான டி.என்.ஏ.வை, அந்த எழுத்தை மட்டும் மாற்றி நகலெடுப்போம். பிறகு ஒரு நொதியைச் சேர்த்தால் அது பழைய வட்டத்தைத் துண்டாக்கிவிடும், நகலைத் தொடாது. மிஞ்சியதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி பிளேட்டில் வளர்ப்போம். கூடவே, நகலே எடுக்காத பழைய டி.என்.ஏ.வுக்கும் அதே நொதியைச் சேர்த்து இன்னொரு பிளேட். அதுதான் கண்ட்ரோல். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது.

நொதி சேர்க்க வேண்டிய அன்று அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

"நீ போம்மா. நாப்பது வருஷமா பண்றேன், நான் பாத்துக்கறேன்."

"கண்ணாடிய மறக்காம போட்டுக்குங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடி போட்டிருந்தேன். தி. நகர் புடவைக் கடையிலிருந்து மனைவி போன் செய்தாள்: மாம்பழ மஞ்சளா, அரக்கா? பேசி முடித்துவிட்டு, இரண்டு குழாய்களையும் அப்படியே அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனேன். நொதி ஃப்ரீசரிலேயே இருந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போனேன். கண்ட்ரோல் பிளேட் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகப் பாக்டீரியா முளைத்திருந்தது. நொதி சேர்க்கவில்லை என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் மூன்று நாளில் திரும்பச் செய்திருக்கலாம். நான் அந்த பிளேட்டைக் கழிவுப் பையில் போட்டு, பையை, கொதி நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து மூடினேன். மற்ற பிளேட்டிலிருந்து அவர் எடுத்து வளர்த்துச் சோதிக்கப்போகும் ஆறு புள்ளிகளில் ஒன்றிலாவது புதிய நகல் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன்.

"கண்ட்ரோல் எங்க சார்?"

"சுத்தமா இருந்துது. தூக்கிப் போட்டுட்டேன்."

ஆறிலும் இருந்தது பழைய டி.என்.ஏ.தான். முடிவு வந்தது கமிட்டிக்கு முந்தின நாள்.

கூட்டத்தில் கமிட்டித் தலைவர் என்னைத்தான் கேட்டார். "கண்ட்ரோல் எப்படி?"

"சுத்தம்" என்றேன்.

கண்ட்ரோல் சுத்தம் என்றால் தவறு அதற்குப் பிறகுதான் நடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு புள்ளிகளை எடுத்து வளர்த்தவர் அவர் ஒருவரே. தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "பழைய பாக்டீரியா ஸ்டாக்க எடுத்து வளத்துட்டீங்களாம்மா? தூக்கக் கலக்கமா?" யாரோ சிரித்தார்கள். அவர் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதில் தவறு எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வெளியே வராந்தாவில் மெதுவாகக் கேட்டார். "நிஜமாவே சுத்தமா இருந்துதா சார்?"

கமிட்டி இன்னும் உள்ளேதான் இருந்தது.

"ஆமாம்மா."

"அப்ப நான்தான் மாத்திட்டேன் போல."

ஒப்பந்தம் நீளவில்லை. மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் அவருடைய எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். இப்போது தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலு வருஷமா ஒவ்வொரு குழாய்லயும் பேர ரெண்டு தடவ எழுதறேன் சார்" என்றார். "இங்க எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

மன்னித்துவிடச் சொன்னேன்.

"அது அப்புறம். மொதல்ல கமிட்டிக்கு எழுதிக் குடுங்க."

எழுதினேன். தபாலில் போடுமுன் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தினார். "'கவனக்குறைவு'ன்னு போட்டிருக்கீங்க. நொதிய மறந்தது கவனக்குறைவு. பிளேட்ட ஒளிச்சது?"

அந்த வரியை அடித்துவிட்டு, 'மறைத்தேன்' என்று எழுதினேன்.