தகரக்குரலியும் அவள் அண்ணனும்

பேட்டரி ஆலையில் அவளைத் தகரக்குரலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஈயத்தூளைச் சுவாசித்தே கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் படுத்த படுக்கையானதும், வேலையை உதறிவிட்டு, கோபத்தைக் கத்திப் பாடும் ஒரு பங்க் ராக் இசைக்குழுவைத் தொடங்கினாள். ஆலை வாசலிலேயே நின்று முதலாளியைக் கிழிகிழியென்று கிழித்துப் பாடினாள். அங்கே சூப்பர்வைசராக இருந்த அவள் அண்ணனே வந்து மைக் ஒயரைப் பிடுங்கினான்.

“என் மானத்த வாங்காத. இனி வீட்டுப் பக்கம் வந்தா கால உடைச்சிடுவேன்.”

“உன் மானந்தான் முதலாளி பாக்கெட்டுல கிடக்கே, அண்ணே! அங்க போய்த் தேடு.”

மைக் இல்லாமலே கத்திப் பாடினாள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கலையாமல் நின்றார்கள். மறுநாள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. வேறு வழியில்லாமல் முதலாளி தூசியை உறிஞ்சும் விசிறிகளை மாட்டினார். விசிறிகளை முன்நின்று மாட்டவைத்தவன் என்று பாராட்டெல்லாம் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போனது. அவளோ, அவனைத் திட்டியே அடுத்த பாட்டைக் கட்டினாள். இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.