கம்பவுண்டரின் இடது கால்

போன வாரம் பேரன் கபடி ஆடப்போய் முழங்காலில் அடிபட்டு வந்தான். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் புஸ்ஸென்று காலில் அடித்தான். வீடு முழுக்கக் கற்பூரமும் புதினாவும் கலந்த நெடி. "வலி போயிட்டா?" என்று கேட்டேன். "மரத்துப் போச்சு தாத்தா" என்றான். இரண்டும் வேறு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் செல்போனில் மூழ்கிவிட்டான்.

நெடி மட்டும் என்னோடு இருந்தது. அது என் மூக்கைப் பிடித்து அறுபது வருஷத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், டிங்சர் அயோடின் வாடையில் விட்டது. அப்போது நாகர்கோவில் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எங்கள் ஊரான கொட்டாரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். வயது இருபத்திரண்டு. மிக்சர் கலக்குவேன். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் புட்டியில் ஒட்டுவேன். அந்தக் காகிதம் வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால் இதைச் சொல்கிறேன்.

இல்லை, ஒன்று இருந்தது. டாக்டர் என்னை நாகர்கோவிலுக்கு அனுப்பிப் பத்து நாள் முதலுதவிப் பயிற்சி எடுக்க வைத்தார். உடைந்த எலும்புக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, மயங்கினவனைத் திருப்பிப் போடுவது எல்லாம் படித்துச் சர்டிபிகேட்டோடு வந்தேன். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். ஒருவரும் வாசிக்கவில்லை. ஒரே ஒருவர் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால், கண்ணாடியில் மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

ஊருக்கு வேண்டியிருந்தது என் சர்டிபிகேட் அல்ல, என் இடது கால். நான் தாய் வயிற்றிலிருந்து தலை முந்தாமல் கால் முந்திப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மூன்று தடவை மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் மிதிப்பதைச் சவுட்டு என்பார்கள். டாக்டரிடம் முன்வாசலில் மருந்து வாங்குகிறவர்கள், பின்வாசலுக்கு வந்து என்னிடம் இடுப்பைக் காட்டுவார்கள். டாக்டருக்கும் இது தெரியும். "படிச்ச எனக்கு ஒரு வாசல்தான். உமக்கு ரெண்டு வாசலாக்கும்" என்று சிரிப்பார்.

நான் அதை நம்பினேனா என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் மூன்று பேர் உங்கள் கால் முன்னால் வந்து குனிந்து நின்றால் நீங்களும் நம்புவீர்கள்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்தால் வயலில் சடுகுடு தொடங்கிவிடும். அந்த வருஷம் எங்களுக்கும் பக்கத்து ஊரான அஞ்சுகிராமத்துக்கும் போட்டி. அடிபடுகிறவர்களுக்கு ஊரில் இரண்டே வைத்தியம். மயங்கி விழுந்தால் சோடா உடைத்து முகத்தில் அடிப்பது. இரண்டாவது சோடா வந்துவிடுமே என்ற பயத்திலேயே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். பிசகிக்கொண்டால் என் கால். அதற்காக எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலுதவிப் பெட்டி நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

எங்கள் பக்கத்துச் சூரன் சுயம்பு. என் வயதுதான். பனை ஏறுகிற தொழில். பதநீருக்கு எங்கள் பக்கத்தில் அக்கானி என்று பெயர். அக்கானி சீசன் தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. "கால பத்திரமா வச்சுக்கிட்டு வீட்ல கெடயேன் மக்கா" என்று அவன் அம்மா கெஞ்சியிருக்கிறாள். கேட்டால் அவன் சுயம்பு இல்லையே.

சடுகுடுப் பாட்டுப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனவனை நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். ஒருவன் காலை வாரினான், இன்னொருவன் அதன் மேலேயே விழுந்தான். மற்றவர்கள் எழுந்த பிறகும் சுயம்பு எழவில்லை. முழங்காலுக்குக் கீழே காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

"கம்பவுண்டரக் கூப்பிடு. ஒரு சவுட்டு சவுட்டினா எந்திச்சிருவான்."

"வழி விடுங்கல, சாரு வாராரு."

சுயம்புவும் கையெடுத்துக் கும்பிட்டான். "சாரே, சட்டுனு சவுட்டுங்க. இன்னும் ஒரு பாட்டு பாடணும்."

படித்தது என்ன? முதலில் பார், பிறகு தொடு. பத்து நாளும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் முந்நூறு பேர் விலகி வழி விடுகிறார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நடக்கிறேன். அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முருங்கை மரம் ஏறிய வேதாளத்துக்குக்கூட அவ்வளவு மிதப்பு இருந்திருக்காது. காலை நான் பார்க்கவே இல்லை. இடது பாதத்தை வைத்து ஒரு மிதி மிதித்தேன்.

என் உள்ளங்காலுக்குக் கீழே நறநறவென்று ஏதோ உரசியது. எலும்பு. சுயம்பு போட்ட கூச்சலில் வரப்பில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டமோ, "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு சாரே" என்று ஞாபகப்படுத்துகிறது. இரண்டு பேர் அவனைத் தூக்கி நிறுத்தக் கையைக் கொடுத்துவிட்டார்கள். எலும்பு முறிந்திருக்கிறது என்று சொன்னால் கேட்கிற கூட்டம் இல்லை அது. சட்டென்று ஒரு பொய் வந்தது.

"சவுட்டியாச்சு. இனி கால் ஒரு இஞ்சு அனங்கப்பிடாது. அனங்கினா பலிக்காது" என்றேன்.

அனங்குவது என்றால் அசைவது. நான் சொன்னதும் முந்நூறு பேரும் அசையவில்லை. என் சர்டிபிகேட்டைக் காட்டியிருந்தால் ஒருவன்கூட நின்றிருக்க மாட்டான். ஒரு குடை, ஒரு மண்வெட்டிக் கைப்பிடி, ஆளுக்கொன்றாகத் தோளிலிருந்து உருவிய ஏழு துவர்த்து. காலுக்கு இரு பக்கமும் வைத்து, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கட்டினேன். கட்டு சரியாக வந்தது. டீக்கடைப் பெஞ்சில் கிடத்தித் தூக்கி, வைக்கோல் ஏற்றி நின்ற மாட்டுவண்டியில் வைத்தோம்.

நாகர்கோவில் வரைக்கும் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டு வந்தான்.

"சாரே, மரம் ஏறலாம்லா?"

"ஏறலாம்."

சுசீந்திரம் தாண்டியதும் திரும்பவும் கேட்டான். திரும்பவும் ஏறலாம் என்றேன். எனக்கு என்ன தெரியும்? பனையேறிக்குக் கால் போனால் என்ன மிச்சம் என்று நினைத்துக்கொண்டே, தெரியாத சாமிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கட்டைப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கீரே" என்றார். பிறகு காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு கொஞ்சம் விலகியிருக்கு. விழுந்த பெறகு யாராவது மிதிச்சாங்களா?" என்று கேட்டார்.

"கூட்டம் சார். யாரோ மிதிச்சிருப்பாங்க" என்றேன்.

சுயம்பு கட்டிலில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த சீசன் அவனுக்குப் போயிற்று. மாவுக்கட்டோடு அவன் வீட்டில் கிடக்க, அம்மா ஓலை முடைந்து வீட்டை ஓட்டினாள். அடுத்த வருஷம் மரம் ஏறினான். முதல் நாள் அக்கானியைக் கலயத்தோடு கொண்டுவந்து டிஸ்பென்சரி வாசலில் வைத்து, "உங்க கால் பட்டதுனால ஏறுகேன்" என்றான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? நான் அக்கானியைக் குடித்தேன். அதற்குப் பிறகு யாரையும் மிதிக்கவில்லை. கேட்டவர்களிடம், "பலம் போயிட்டு" என்று சொல்லிவிட்டேன். சுயம்புவுக்காக மொத்த பலமும் செலவாகிவிட்டதென்று ஊர் பேசிக்கொண்டது. அவன் வருஷம் தவறாமல் வந்தான். அக்கானி இறங்கும் காலத்தில் அக்கானி, மற்ற காலத்தில் கருப்பட்டி. நானும் வருஷம் தவறாமல், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது கால் முந்திப் பிறந்தவனைத் தேடி ஒருவரும் வருவதில்லை. பிள்ளைகளில் பாதி ஆபரேஷனில் பிறக்கிறது, எது முந்தியது என்று யார் பார்த்தார்கள்? விளையாட்டு மைதானத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. நல்லதுதான். விழுந்தவனை அங்கே யாரும் மிதிப்பதில்லை.

சுயம்பு போன ஐப்பசியில் தவறிவிட்டான். துக்கம் கேட்கப் போனேன். அவன் மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா உங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்ல. யாரு மிதிச்சான்னு டாக்டரு கேட்டப்ப, 'யாரோ'ன்னு சொன்னியளாமே. 'செய்த உபகாரத்தத் தன் வாயால சொல்லிக்கிடாத மனுசன். அந்த அடக்கம் வேணும்ல'ன்னு சொல்லித்தான் எங்கள வளத்தாவ."

கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சுயம்பு என்னைத் திட்டியிருப்பான். நாலு பேர் முன்னால் வைத்து, என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பான். எனக்கு வரவேண்டியிருந்த அந்தத் திட்டும் அவனோடு போய்விட்டது.