மீசை வைத்த நாரை

அவள் பார்க்கும் வேலையின் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது. அதனால் தெருவில் எல்லோரும் இறகுக்காரி என்றார்கள். ஏரிக்கரையில் நாரைகள் உதிர்த்த இறகையும் வலையில் சிக்கிய மீனின் சதையையும் கழுவி, உலர்த்தி, பொடியாக நறுக்கி ஓர் இயந்திரத்தின் வாயில் ஊட்டுவாள். எவ்வளவு பாதரசம் என்று அது எண்ணாகத் துப்பும். தின்ற பாதரசத்தில் ஒரு பங்கு இறகில் போய் உட்கார்ந்துகொள்ளும், மனிதருக்கு முடியில். எந்தப் பறவை என்ன தின்றது என்று அதன் மாமியாருக்குத் தெரியாததுகூட இவளுக்குத் தெரியும்.

இவளுடைய மாமனாரை ஊரே நாரை என்றது. விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலை மடக்கித் தூண்டிலோடு நிற்பார். அந்த அழகில் மயங்கிப் பெண் நாரை ஒன்று வீடுவரை வந்ததாகவும், மாமியார் துடைப்பத்தால் விரட்டியதாகவும் பேச்சு உண்டு. மீசையோ, ஒரு முனை கூடத்துக்கு வந்துவிடும். மறுமுனை அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும்.

பிடிப்பதெல்லாம் கிழட்டு விரால். வீட்டில் வேறு யாருக்கும் அதன் வாசனை ஆகாது, தனி ஆளாகத் தின்று தீர்ப்பார். சில மாதங்களாக அவர் கை நடுங்கியது. காபியில் பாதி வாய்க்குப் போனால் பாதி சட்டைக்குப் போனது. இறகுக்காரிக்கு விரால்மேல் சந்தேகம்.

"மாமா, டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரலாமே."

"காத்துல கை ஆடுதும்மா."

"வீட்டுக்குள்ள ஏது மாமா காத்து?"

"உங்க அத்தை வாயத் தொறந்தா வர்ற காத்துதான்."

"அப்ப ரெண்டு முடியாவது குடுங்க. மெஷின்ல போட்டுப் பாக்கறேன்."

"தலையில இருக்கறது எனக்கே பத்தல. மீசையில கை வெச்சா நடக்கறதே வேற."

மாமியாரிடம் முறையிட்டாள். "கேட்டா குடுப்பாராடி? தூங்கறப்ப எடுக்கணும்" என்று அவர் கத்தரிக்கோலை எடுத்தார். மதியக் குறட்டையில் மீசையின் ஒரு முனை கைக்கு வந்தது.

ஆய்வகத்தில் வீட்டு முடியைச் சோதித்தால் வேலைக்கே உலை. சாப்பாட்டு வேளையில் கமுக்கமாகப் பார்த்துவிடலாம் என்று உறையில் போட்டவள், வாய்ப்பழக்கம் கைக்கும் வர, மேலே 'நாரை' என்று எழுதித் தட்டில் வைத்தாள். ஆய்வகத் தலைவிக்கு எதிலும் அவசரம். தட்டு முழுவதையும் அவரே இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

"இது எந்த நாரை? இந்த ஏரியில இப்படி ஒரு எண்ணே வந்ததில்ல. உயிரோட இருக்கா?"

"நேத்து ராத்திரிகூட முழு விரால் சாப்பிட்டுச்சு மேடம்." நான்தான் வறுத்துக் கொடுத்தேன் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

"பிடிச்சுக் கால்ல வளையம் மாட்டணும். எங்க போகுது, என்ன திங்குதுன்னு நமக்குத் தெரியணும்."

மாமியாரும் கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் சொல்லிவந்தார்.

மறுநாள் காலை தலைவி வலையும் கையுமாகக் கரைக்கு வந்தார்.

"எங்க உன் நாரை? அங்க ஒரு பெரியவர்தான் நிக்கறார்."

"அதுதான் மேடம். எங்க மாமனார்."

தலைவி வலையைக் கீழே போட்டார். மீசையையே நெடுநேரம் பார்த்தார். "இனிமே மனுஷன்னா மனுஷன்னு எழுது" என்றார். இறகுக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"யாரும்மா இவங்க, கொசுவலையோட?" என்றார் மாமனார்.

"ஐயா, இந்த ஏரியோட பாதரசக் கணக்குல நீங்கதான் முதலிடம்" என்றார் தலைவி. "பூச்சிய சின்ன மீன் திங்குது, அத விரால் திங்குது. அது வருஷக்கணக்கா உடம்புல சேத்ததை நீங்க ஒரே தட்டுல வாங்கிக்கறீங்க."

மாமனார் பெருமையோடு மீசையைத் தடவினார். ஒரு பக்கம் சீக்கிரமே முடிந்துபோனது.

"இது யார் வேலை?"

"அத்தை வேலை மாமா" என்று இறகுக்காரி யோசிக்காமல் காட்டிக்கொடுத்தாள்.

"சரி. ரெண்டாவது யாரு?"

"ஒரு கிழ நாரை. உங்க பக்கத்துலகூட வர முடியாது."

நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் தூண்டில் கயிறு தண்ணீரில் கிறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அதையே பார்ப்பதைக் கண்டதும் குரல் இறங்கியது. "விராலை விட்டா இது நிக்குமா?"

"டாக்டர்தான் சொல்லணும். எண் இறங்கும், அது மட்டும் நிச்சயம்."

"அப்ப எனக்கும் அந்த வளையம் வேணும்."

இருந்ததிலேயே பெரிய நாரை வளையம் அவருடைய கால் கட்டைவிரலுக்கே பற்றவில்லை. தூண்டில் கழியில் மாட்டிக்கொண்டார். கை நடுங்கும்போதெல்லாம் அது கிலுகிலுவென்றது.

டாக்டரிடம் போனார். விராலைப் பிடித்தால் நாலு வார்த்தை திட்டித் தண்ணீரிலேயே விட்டார். மாதாமாதம் மீசை நுனியைத் தானே நறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். இப்போது அது தலைவியின் அனுமதியோடு மனிதக் கணக்கிலேயே பதிவானது. "இந்தத் தடவையாவது தோத்தேனாம்மா?" என்பார். எண் இறங்கியது. டாக்டரோ கை நடுக்கம் பற்றி "பார்ப்போம்" என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் இறகுக்காரி கரையில் நின்று காது கொடுப்பாள். கிலுகிலு. மறுநாளும் கிலுகிலு. ஒருநாள் காலை சத்தமே இல்லை. வளையம் விழுந்துவிட்டதோ என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனாள். வளையம் கழியில்தான் இருந்தது.

"தடதடன்னு வராதம்மா" என்றார் மாமனார், காலை மாற்றி மடக்கியபடி. "மீன் ஓடிரும்."