பொங்காலை நாளில் உறைந்த மண்

என் மனைவி திவ்யலட்சுமிக்கு இரண்டு வீடுகள். ஒன்று பழவங்காடியில் நானும் அம்மாவும் இருப்பது. மற்றது ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்பெட்டி. அதற்குள் வடதுருவப் பகுதியிலிருந்து வந்த ஒரு மண்கட்டி இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். மண்ணுக்குச் சூடு கொஞ்சம் ஏறினால் ஓடுவாள்.

அந்த மண் இளகி ஈரமாக இருக்கும்போது மீத்தேன் வாயு ஊறும். அது காற்றில் கலந்தால் பூமி இன்னும் சூடாகும். எவ்வளவு வருகிறது என்று அளப்பது அவள் வேலை. மண் மறுபடி உறையத் தொடங்கினால் கருவியை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். குழாயில் ஈரம் உறைந்தால் கருவி கெட்டுவிடும். உறையும்போதும் வாயு வருவதாக வெளிநாட்டில் எழுதியிருந்தார்கள். "நம்ம மண்ணுல அதெல்லாம் இருக்காது" என்றார் வழிகாட்டி பாகீரதி டாக்டர்.

இந்த வருஷம் மண்ணை மெல்ல உறையவைக்கத் தொடங்கியவள், கருவியை நிறுத்த வேண்டிய நாளில் ஆற்றுகால் பொங்காலை என்பதை மறந்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு மறக்கிற காரியமா! விடிந்தபோது எங்கள் வாசலிலிருந்து தம்பானூர்வரை சாலையெல்லாம் அம்மனுக்குப் பொங்கலிடும் பெண்களின் அடுப்பு. அம்மாவோடு அவளும் ஓர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி நகராது. நான் நடந்து போகலாமென்றால், கூடத்துக் கதவு அவள் விரல் வைத்தால்தான் திறக்கும்.

"அதுதான் கடைசிக் கட்டி, அத்தான். கருவியும் போச்சுன்னா என் ஆராய்ச்சி அம்புட்டுந்தான்" என்று அழுதாள்.

"தீ வச்சாச்சு மக்ளே. நைவேத்யம் கழியாம எந்திரிக்கப்பிடாது" என்றாள் அம்மா.

சாயங்காலம் சாலை திறந்ததும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கருவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில், பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டிய வாயு அளவுக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தாள். அதே கட்டியைச் சில வாரம் இளகவைத்து, மறுபடி உறையவைத்து, இம்முறை வேண்டுமென்றே நிறுத்தாமல் விட்டாள். கோடு மறுபடியும் ஏறியது. உறைகிற மண் உள்ளிருந்த வாயுவைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது.

பாகீரதி டாக்டர் திரையில் கோடு ஏறிய இடத்தில் விரலை வைத்தார். "வடதுருவத்துல தரை உறைய ஆரம்பிச்சதும் நாங்க மூட்டை கட்டிண்டு கிளம்பிடுவோம்டி, வருஷா வருஷம். அதுக்கப்புறம் அளந்ததே இல்ல" என்றார்.

இந்த அக்டோபரில் எல்லோரும் திரும்பி வரும்போது திவ்யா மட்டும் வடதுருவத்திலேயே தங்கி அளக்கப்போகிறாள். அவளே கேட்டு வாங்கியது. எனக்குப் பெருமைதான், பயமும்தான். அந்த மண்ணெல்லாம் இங்கேயே குளிர்பெட்டியில் இருந்திருக்கலாம். சாயங்காலம் ஸ்கூட்டரில் போய் அவளைக் கூட்டி வந்திருப்பேன்.